பணம் கட்டும் பொறுப்பு யாருக்கு? அரசு மருத்துவம், தனியார் மருத்துவம் விவாதம் புரிய ஒரு தொடக்கம்

அப்பாவை ஸ்ட்ரெச்சரில் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். கதவு மூடிக்கொண்டது. ராத்திரி இரண்டு மணி இருக்கும். நான் பில்லிங் கவுண்டரில் நின்றேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "அட்வான்ஸ் கட்டிட்டு ரசீதை மேல நர்ஸ்கிட்ட குடுத்துருங்க சார். இங்க ஒரு கையெழுத்து." நீட்டிய படிவத்தில் நோயாளியின் பெயருக்குக் கீழே 'பணம் செலுத்தப் பொறுப்பேற்பவர்' என்று ஒரு கட்டம். அதில் என் பெயரை எழுதினேன். மொத்தம் எவ்வளவு ஆகும், எத்தனை நாள் ஆகும், என்ன செய்யப் போகிறார்கள், அது தேவைதானா, ஒன்றும் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை. அந்த நேரத்தில் எந்தக் காகிதத்தை நீட்டியிருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

அந்தக் கட்டத்தில் யார் பெயர் வர வேண்டும்? நோயாளியின் பிள்ளையா, வேலை கொடுத்த நிறுவனமா, காப்பீட்டு நிறுவனமா, அரசா? உலகம் 140 வருடங்களாக இதைத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறது. தேர்தல் மேடையில் அது 'அரசு மருத்துவமா, தனியார் மருத்துவமா' என்று சுருங்கிவிடுகிறது. அப்படிச் சுருங்கும்போது இரண்டு வேறு கேள்விகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலை எடுத்துவிட்டால் மற்றதெல்லாம் புரிவது சுலபம்.

சிகிச்சை தருவது யார், செலவைத் தருவது யார்

முதல் கேள்வி, மருத்துவமனை யாருக்குச் சொந்தம், மருத்துவர் யாரிடம் சம்பளம் வாங்குகிறார் என்பது. இரண்டாவது கேள்வி, செலவு யாருடைய பையிலிருந்து, எந்த நேரத்தில் போகிறது என்பது. முதல் கேள்விக்கு 'தனியார்' என்றும் இரண்டாவதற்குப் 'பொதுப்பணம்' என்றும் பதில் சொல்லும் நாடுகள் நிறைய இருக்கின்றன.

ஜப்பானைப் பாருங்கள். 1961-லிருந்து அங்கே எல்லோருக்கும் காப்பீடு உண்டு. ஆனால் மருத்துவமனைகளில் பெரும்பாலானவை, ஏறக்குறைய ஐந்தில் நான்கு, தனியாருடையவை. நோயாளி எங்கே வேண்டுமானாலும் போகலாம். எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதை மட்டும் அரசு நிர்ணயிக்கிறது. அந்த விலைப் பட்டியலை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை திருத்துகிறார்கள். ஊருக்கு ஊர் விலையை ஏற்றிக்கொள்ள மருத்துவமனைக்கு உரிமை இல்லை. வேலைக்குப் போகும் வயதுள்ள நோயாளி பொதுவாக 30 சதவீதம் கட்டுவார். அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு.

கனடாவில் பெரும்பாலான மருத்துவர்கள் சொந்தமாகத் தொழில் நடத்துபவர்கள். அவர்களுடைய பில் மட்டும் நோயாளிக்குப் போகாமல் மாகாண அரசுக்குப் போகிறது. அரசு மருத்துவத்துக்கு முன்னுதாரணமாக எல்லோரும் காட்டும் பிரிட்டனிலேயே நிலைமை கலப்புதான். அங்குள்ள தேசிய சுகாதார சேவையின் (என்.எச்.எஸ்.) மருத்துவமனைகள் பொதுச்சொத்து. ஆனால் மக்கள் முதலில் போய்ப் பார்க்கிற குடும்ப மருத்துவர்களில் பலர், சேவை தொடங்கிய 1948-லிருந்தே, அரசோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு வேலை செய்யும் சுயதொழில்காரர்கள்.

ஆகவே 'அனைவருக்கும் மருத்துவம்' என்று ஒருவர் கேட்டால், எல்லா மருத்துவமனைகளையும் அரசே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர் கேட்பதாக அர்த்தம் இல்லை. உலக சுகாதார நிறுவனம் அந்தச் சொல்லுக்குத் தரும் பொருள் எளிமையானது: தேவையான, தரமான சிகிச்சை எல்லோருக்கும் கிடைக்க வேண்டும்; அதனால் யாரும் பண நெருக்கடியில் விழக் கூடாது. அரசு மருத்துவமனை இருந்துவிட்டாலே இது நிறைவேறிவிடாது. மருத்துவர் பார்ப்பது இலவசம், எழுதித் தந்த மருந்தை வெளியே காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால், தினமும் மாத்திரை போடவேண்டிய நீரிழிவுக்காரருக்கு அந்த இலவசம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது.

என்னைக் கேட்டால், இரண்டாவது கேள்விதான் பெரியது. அதிலும் 'எந்த நேரத்தில்' என்பது மிகப் பெரியது. உடம்பு நன்றாக இருக்கும்போது எல்லோரிடமும் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறோமா, படுத்தபிறகு ஒரே ஆளிடம் மொத்தமாக வாங்குகிறோமா? இதைத் தீர்மானித்த பிறகு, கட்டிலுக்குச் சொந்தக்காரர் யார் என்று பொறுமையாகப் பேசலாம்.

ஏன் இதைச் சந்தையிடம் விட்டுவிட முடியாது

துணி, செல்போன், வீடு எல்லாம் சந்தையில் விற்கின்றன. போட்டி இருந்தால் விலை இறங்குகிறது, தரம் ஏறுகிறது. மருத்துவத்தையும் அப்படியே விட்டுவிட்டால் என்ன என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு நிதானமாகப் பதில் எழுதியவர் அமெரிக்கப் பொருளாதார அறிஞர் கென்னத் ஆரோ. 1963-ல் அவர் எழுதிய ஒரு கட்டுரையிலிருந்துதான் மருத்துவப் பொருளாதாரம் என்ற துறையே கிளம்பியது என்பார்கள். சந்தையின் வலிமையைக் கணிதமாக நிறுவியவர்களில் அவரும் ஒருவர். 1972-ல் நோபல் பரிசு பெற்றவர். சந்தைமேல் வெறுப்பு கொண்டவர் சொன்ன வார்த்தையாக இதை எடுத்துக்கொள்ள முடியாது.

அவர் சொன்னதைச் சுருக்கினால் இதுதான். நோய் எப்போது வரும், என்ன நோய் வரும் என்று முன்கூட்டித் தெரியாது. வந்தபிறகு எந்தச் சிகிச்சை வேண்டும் என்பதும் நோயாளிக்குத் தெரியாது. அதைச் சொல்லப்போகிறவரே சிகிச்சையை விற்கப்போகிறவர். வாங்கியபின் பிடிக்கவில்லை என்று திருப்பித் தரவும் முடியாது. செல்போன் வாங்கப் போகிறவர் நாலு கடை ஏறி இறங்கலாம், அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பி வரலாம். நெஞ்சுவலிக்காரர் என்ன செய்வார்? கவுண்டரில் நின்ற எனக்கு இதெல்லாம் கோட்பாடாகத் தெரியவில்லை. பேரம் பேசுகிற நிலையில் நான் இல்லை என்பது மட்டும் தெரிந்தது.

இதில் மருத்துவர்களைக் குற்றவாளியாக்க வேண்டியதில்லை. பணம் எந்த வழியில் வருகிறதோ அந்த வழியில் பழக்கம் உருவாகும், அவ்வளவுதான். செய்த ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியாகக் காசு என்றால் ஸ்கேன், டெஸ்ட், அறுவை எல்லாம் கூடும். மாதச் சம்பளம் என்றால் அவசரம் குறையும், வரிசை நீளும். பதிவு செய்துள்ள ஒவ்வொரு நோயாளிக்கும் வருடத்துக்கு இவ்வளவு என்று தொகை கொடுத்தால், கஷ்டமான நோயாளிகளைத் தவிர்க்கத் தோன்றும். குறையில்லாத முறை எதுவும் இல்லை. அமெரிக்காவில் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் 1983-ல் ஒரு மாற்றம் செய்தது. மருத்துவமனை செய்ததையெல்லாம் எண்ணிப் பணம் தருவதை விட்டுவிட்டு, 'இந்த நோய்க்கு இவ்வளவு' என்று மொத்தமாகத் தர ஆரம்பித்தது. நோயாளிகள் மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்கள் குறைந்தன. அதே மருத்துவர்கள், அதே நோய்கள். மாறியது பில் போடும் விதம்.

நூறு பேர் கணக்கு

சரி, முன்கூட்டியே பணம் சேர்க்கலாம். ஆனால் அதைத் தனியார் காப்பீடே செய்யலாமே, அரசு எதற்கு? விவாதத்தின் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது.

நூறு பேர் இருக்கிறார்கள். அவர்களுடைய ஒரு வருட மருத்துவச் செலவு மொத்தம் 1,00,000. ரூபாயோ டாலரோ, எதுவாகவும் இருக்கட்டும். தலைக்கு 1,000 போட்டால் தீர்ந்தது. ஆனால் செலவு எல்லோருக்கும் சமமாக வருவதில்லை. அமெரிக்காவில் வருடா வருடம் எடுக்கும் கணக்கெடுப்புகள் காட்டும் விகிதத்தையே வைத்துக்கொள்வோம். அதிகம் செலவாகும் 5 பேருக்கே மொத்தத்தில் பாதி, அதாவது 50,000 போய்விடும். மிகக் குறைவாகச் செலவாகும் 50 பேரைக் கூட்டினாலும் 3,000 தேறாது.

இப்போது அந்த ஐம்பது பேரில் ஒருவராக யோசியுங்கள். இளவயது, நல்ல உடம்பு, போன வருடம் ஒரு காய்ச்சல்கூட வரவில்லை. 1,000 கட்டுவது தண்டம் என்று தோன்றுமா இல்லையா? அப்படி நினைத்து 40 பேர் விலகுகிறார்கள். போனவர்களால் செலவு பெரிதாகக் குறையவில்லை, ஏனென்றால் அவர்களுக்குச் செலவே இல்லை. மிச்சம் 60 பேர். தலைக்குச் சுமார் 1,650. இந்த விலையைப் பார்த்து, சுமாரான உடல்நலம் உள்ள இன்னும் 20 பேர் கிளம்புகிறார்கள். மிச்சம் 40 பேர். பிரீமியம் 2,400-ஐ நெருங்கும். இப்படியே போனால் கடைசியில் உள்ளே இருப்பவர்கள் தீவிர நோயாளிகள் மட்டும்தான். அவர்களால் கட்ட முடியாத விலையில் திட்டம் படுத்துவிடும். இதற்குக் காப்பீட்டுத் துறையில் 'மரணச் சுழல்' என்று பெயர்.

காப்பீட்டு நிறுவனம் இதைத் தடுக்க ஒரு வழி வைத்திருக்கிறது: நோயாளியை வாசலிலேயே நிறுத்துவது. ஏற்கெனவே சர்க்கரை இருக்கிறதா, மார்பில் கட்டி வந்ததா, குடும்பத்தில் யாருக்காவது இதய நோயா என்று கேட்டு, பிரீமியத்தை ஏற்றுவது, அந்த நோயை மட்டும் விலக்கிவைப்பது, அல்லது பாலிசியே இல்லை என்பது. நிறுவனத்தின் கணக்கில் இது சரி. ஆனால் காப்பீடு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது கிடைக்காமல் போகிறது. அமெரிக்காவில் தனிநபர் பாலிசிகளில் பல காலம் இதுதான் நடந்தது. 2010-ல் வந்த சட்டத்தின்படி 2014 முதல், பழைய நோயைக் காட்டி மறுக்கக் கூடாது என்றானது. கூடவே, காப்பீடு எடுக்காதவருக்கு அபராதமும் வைத்தார்கள். நோய் வந்தபிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் காத்திருந்தால் நூறு பேர் கணக்கு மறுபடி சுழலத் தொடங்கிவிடும் என்ற பயம்தான் காரணம். அந்த அபராதத்தை 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள். வருமானத்துக்கு ஏற்ற மானியங்களே இன்று பலரை உள்ளே பிடித்து வைத்திருக்கின்றன.

எனவே நூறு பேரும் உள்ளே இருக்க வேண்டும் என்றால் கட்டாயமோ பெரிய மானியமோ தேவை. அதைச் செய்யக்கூடியது அரசுதான். பணம் வரியாக வரலாம், சம்பளப் பிடித்தமாக வரலாம், தனியார் நிறுவனத்துக்குக் கட்டும் கட்டாயப் பிரீமியமாகவும் வரலாம். கடைசியாகச் சொன்னதற்கு சுவிட்சர்லாந்து உதாரணம். 1996-லிருந்து அங்கே எல்லோரும் தனியார் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். ஆனால் அடிப்படைத் திட்டத்தில் எந்த நிறுவனமும் யாரையும் மறுக்கக் கூடாது, நோயாளி என்று விலை ஏற்றக் கூடாது, லாபமும் பார்க்கக் கூடாது. இதை மாற்றி ஒரே பொதுக் காப்பீடாக்கலாமா என்று 2014-ல் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தினார்கள். ஏறக்குறைய 62 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். பெயரில் 'தனியார்' இருக்கிறது; உள்ளே இருப்பது கடுமையான பொது விதி.

சேமிப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் போதாதா என்றும் கேட்பதுண்டு. சிங்கப்பூர் 1984-ல் அப்படித்தான் தொடங்கியது. சம்பளத்தில் ஒரு பகுதியை மருத்துவச் செலவுக்கென்று கட்டாயமாகச் சேமிக்க வைத்தது. ஆனால் என் சேமிப்பு என் சாதாரண நோய்க்குத்தான் காணும். வருடக்கணக்கில் இழுக்கும் புற்றுநோய்க்கு என்னுடைய கணக்கு மட்டும் போதாது. சிங்கப்பூரும் பின்னால் காப்பீட்டைச் சேர்த்து, 2015-ல் அதை எல்லோருக்கும் கட்டாயமாக்கியது.

எப்படித் தொடங்கியது

முதல் அடி வைத்தது இடதுசாரிகள் என்று பலர் நினைக்கிறார்கள். அது ஜெர்மனியின் பழமைவாதத் தலைவர் பிஸ்மார்க். 1883-ல் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். தொழிலாளர் மூன்றில் இரண்டு பங்கு, முதலாளி ஒரு பங்கு. வளர்ந்துவந்த சோஷலிசக் கட்சியின் பக்கம் தொழிலாளர்கள் சாயாமல் இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வேலையோடு கட்டிய இந்தக் காப்பீடுதான் ஐரோப்பாவின் பல நாடுகளுக்கு அச்சு. அதன் பலவீனமும் அதிலேயே இருக்கிறது: மாதச் சம்பளம் இல்லாதவரை எப்படி உள்ளே கொண்டுவருவது?

பிரிட்டன் வேறு வழியில் போனது. அனூரின் பெவன் சுகாதார அமைச்சராக இருந்தபோது, 1948 ஜூலை 5-ல், வரிப்பணத்தில் எல்லோருக்கும் சிகிச்சை என்று தொடங்கினார்கள். பெவன் வேல்ஸின் டிரெடகர் என்ற சுரங்க ஊர்க்காரர். அங்கே தொழிலாளர்கள் கூலியிலிருந்து கொஞ்சம் கொடுத்து, தங்களுக்கென்று மருத்துவ உதவிச் சங்கமே நடத்தி வந்தார்கள். 1951-ல் அரசு பல்செட்டுக்கும் கண்ணாடிக்கும் கட்டணம் போட முடிவெடுத்ததும் பெவன் பதவியை உதறினார். பல்செட்டுக்காக ஒரு அமைச்சர் ராஜினாமாவா என்று கேட்கலாம். நோயுற்றபின் காசு கேட்பதில்லை என்ற எல்லையில் முதல் ஓட்டை அது என்று அவருக்குப் பட்டது.

கனடாவின் கதையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். டாமி டக்ளஸ் என்ற சிறுவனுக்குக் கால் எலும்பில் தொற்று. பெற்றோரிடம் பணம் இல்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. அப்போது ஒரு அறுவை மருத்துவர், என் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் தப்பியது. வளர்ந்து சஸ்காட்செவன் மாகாணத்தின் முதல்வரான டக்ளஸ், தன் கால் தப்பியது தற்செயல்தான் என்பதை மறக்கவே இல்லை. அந்த மருத்துவர் அன்று அந்த வார்டுக்கு வராமல் இருந்திருந்தால்? டக்ளஸ் தொடங்கிய காப்பீட்டுத் திட்டம், அவருக்கு அடுத்து வந்த முதல்வர் காலத்தில், 1962 ஜூலை 1-ல் நடைமுறைக்கு வந்தது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். 23 நாள் நீடித்தது. பிரிட்டனிலிருந்தெல்லாம் மருத்துவர்களைக் கூட்டிவர வேண்டியதாயிற்று. முடிவில் வந்த சமரசத்தைக் கவனியுங்கள்: மருத்துவர்கள் அரசு ஊழியர் ஆக மாட்டார்கள், சொந்தமாகவே தொழில் நடத்துவார்கள்; பணம் பொதுக் காப்பீட்டிலிருந்து வரும். முதலில் பிரித்துப் பார்த்தோமே, அந்த இரண்டு கேள்விகளுக்கும் ஆளுக்கொரு பதில். பத்தே வருடத்தில் நாடு முழுக்க இதே முறை பரவிவிட்டது.

தனியார் பக்கம் நிற்பவர்கள் சொல்வதும் உண்மைதான்

காத்திருப்பு அவர்களுடைய வலுவான வாதம். இங்கிலாந்தில் மருத்துவமனைச் சிகிச்சைக்கான காத்திருப்புப் பட்டியல் 2023-ல் 77 லட்சத்தைத் தாண்டியது. ஒரே ஆள் இரண்டு சிகிச்சைக்குக் காத்திருந்தால் இரண்டாக எண்ணும் கணக்கு இது. அப்படியும் அந்த எண் சின்னதில்லை. இடுப்பு மூட்டு தேய்ந்தவருக்கு அது வெறும் எண்ணும் இல்லை. மாடிப்படி ஏற முடியாத மாதங்கள், வலி மாத்திரையோடு விடிகிற இரவுகள்.

கனடாவில் இது நீதிமன்றம் வரை போனது. கியூபெக் மாகாணத்தில், அரசுக் காப்பீடு தரும் சிகிச்சைக்குத் தனியார் காப்பீடு விற்கத் தடை இருந்தது. மூட்டு மாற்று அறுவைக்குக் காத்திருந்த ஒரு நோயாளியும் ஒரு மருத்துவரும் வழக்குப் போட்டார்கள். 2005-ல் உச்ச நீதிமன்றம் நாலுக்கு மூன்று என்ற கணக்கில் அந்தத் தடையைச் செல்லாததாக்கியது. காத்திருப்போர் பட்டியலில் இடம் கிடைப்பது சிகிச்சை கிடைப்பதாகாது என்று தீர்ப்பில் எழுதியிருந்தது. பொது மருத்துவத்தை ஆதரிக்கிற ஒவ்வொருவரும் அந்த வரியை மனதில் வைத்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். போதிய மருத்துவர்களும் கட்டில்களும் இல்லாமல் 'எல்லோருக்கும் உரிமை' என்று எழுதி வைத்து என்ன பயன்?

ஆனால் இன்னொரு காத்திருப்பும் இருக்கிறது. காசில்லாததால் மருத்துவரிடமே போகாதவர் எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை. அவருடைய வலியை யாரும் எண்ணி மாதாமாதம் வெளியிடுவதில்லை. ஒரு நாட்டில் வரிசையே இல்லை என்று யாராவது சொன்னால், வரிசைக்கே வர முடியாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்டுவிட்டுத்தான் நம்ப வேண்டும். அமெரிக்கா தன் நாட்டு வருமானத்தில் சுமார் 17 சதவீதத்தை மருத்துவத்துக்குச் செலவிடுகிறது. மற்ற பணக்கார நாடுகள் பலவும் 10 முதல் 12 சதவீதத்துக்குள் முடித்துக்கொள்கின்றன. இவ்வளவு செலவழித்தும் 2023-ல் ஏறக்குறைய 2.6 கோடிப் பேருக்கு அங்கே காப்பீடே இல்லை. சராசரி ஆயுளும் அந்த நாடுகளைவிடக் குறைவு. இதில் துப்பாக்கிச் சாவுகளுக்கும் போதைப்பொருள் சாவுகளுக்கும் பங்கு உண்டு. எல்லாப் பழியையும் மருத்துவ முறைமேல் போடுவது நேர்மையாகாது.

புதிய மருந்துகள் லாபம் இருந்தால்தான் வரும் என்பது அவர்களுடைய இன்னொரு வாதம். இதிலும் உண்மை இருக்கிறது. ஒரு மருந்தைச் சோதித்துச் சந்தைக்குக் கொண்டுவரப் பெரும்பணம் தேவை. ஆனால் இன்சுலினை மறந்துவிடக் கூடாது. அதைக் கண்டுபிடித்தவர்கள் 1923-ல் காப்புரிமையை டொரண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலர் விலையில் கொடுத்தார்கள். நூறு வருடம் கழித்து, அமெரிக்க முதியோர்கள் இன்சுலினுக்கு மாதம் 35 டாலருக்கு மேல் கட்டவேண்டியதில்லை என்று சட்டம் போட வேண்டிவந்தது.

இலவசமாகக் கொடுத்தால் வீணாக்குவார்களா

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1970-களில் அமெரிக்காவின் ராண்ட் ஆய்வு நிறுவனம் சில ஆயிரம் குடும்பங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, சிலருக்கு முழு இலவசக் காப்பீடும் மற்றவர்களுக்குப் பகுதிச் செலவைத் தாங்களே கட்டும் காப்பீடும் கொடுத்தது. கையிலிருந்து கட்டியவர்கள் மருத்துவத்தைக் குறைவாகப் பயன்படுத்தினார்கள். சராசரி ஆளின் உடல்நலத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இதுவரை கேட்டால் கட்டணம் நல்லது என்றுதான் தோன்றும். ஆனால் குறைந்தது தேவையற்ற சிகிச்சை மட்டும் இல்லை. தேவையானதும் அதே அளவு குறைந்தது. எது தேவை என்று நோயாளிக்குத் தெரியாது என்று ஆரோ எழுதியதுதான் இங்கே கண்முன் நடந்தது. ஏழைகளில் ரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு இலவசச் சிகிச்சையால் நல்ல பலன் கிடைத்ததும் பதிவானது.

2008-ல் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் சுமார் 10,000 இடம் காலியானது. 90,000 பேர் விண்ணப்பித்தார்கள். குலுக்கிப் போட்டார்கள். அது தானாகவே ஒரு பெரிய ஆய்வாக அமைந்துவிட்டது. இடம் கிடைத்தவர்கள் மருத்துவரை அதிகம் பார்த்தார்கள், மருத்துவக் கடன் குறைந்தது, மனச்சோர்வு கணிசமாகக் குறைந்தது. ஆனால் முதல் இரண்டு வருடத்தில் ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை அளவுகளில் உறுதியாகச் சொல்லக்கூடிய மாற்றம் தெரியவில்லை. இரண்டு தரப்பும் இதில் தனக்குப் பிடித்த பாதியை மட்டும் மேற்கோள் காட்டுவதைப் பார்த்திருக்கிறேன். கவுண்டரில் நின்றவன் என்ற முறையில் எனக்குக் கடனும் மனச்சோர்வும் சின்ன விஷயங்களாகத் தெரியவில்லை. வீட்டில் ஒருவர் படுத்தால் மொத்தக் குடும்பமும் படுக்காமல் இருப்பதற்குத்தானே காப்பீடு?

எல்லோருக்கும் என்றால், எதுவரை?

கடைசியாக ஒன்று, பேச எல்லோரும் தயங்குவது. எந்த நாட்டிலும் பணம் முடிவில்லாதது இல்லை. எல்லோரையும் உள்ளே கொண்டுவந்தபின், எந்தச் சிகிச்சை உள்ளே, எது வெளியே என்று யாராவது கோடு போட்டே தீர வேண்டும். தனியார் முறையில் அந்தக் கோட்டை விலை போடுகிறது. பொது முறையில் ஒரு குழு உட்கார்ந்து போடுகிறது. இங்கிலாந்தில் 1999-லிருந்து அதற்கென்றே 'நைஸ்' என்ற அமைப்பு இருக்கிறது. ஒரு மருந்து நோயாளிக்கு எத்தனை நல்ல வருடங்களைக் கூட்டித் தரும், அதற்கு ஆகும் செலவு தகுமா என்று அது கணக்குப் பார்க்கும். உயிருக்கு விலை போடுகிறார்களே என்று கோபம் வரும். எனக்கும் முதலில் வந்தது. ஆனால் அந்தக் கணக்கு வெளிப்படையாக நடக்கிறது, எதிர்த்துக் கேட்க இடம் இருக்கிறது, பத்திரிகை எழுதுகிறது, நோயாளிகள் சங்கம் போராடுகிறது. பர்ஸில் பணம் இல்லாததால் நிற்கும் சிகிச்சைக்கு எதிராக யாரிடம் மனுக் கொடுப்பது?

கோடு நகரவும் செய்யும் என்பதற்குத் தாய்லாந்து சாட்சி. 2002-ல் அந்நாடு வேறு எந்தக் காப்பீடும் இல்லாத தன் மக்களை ஒரு திட்டத்துக்குள் கொண்டுவந்தது. பெரும்பாலோர் விவசாயிகள், சிறுதொழில் செய்பவர்கள். பிஸ்மார்க் முறையில் பிடித்தம் செய்யச் சம்பளமே இல்லாதவர்கள். அதனால் வரிப்பணத்திலிருந்தே செலவைக் கொடுத்தார்கள். நோயாளி ஒரு தடவைக்கு 30 பாட் கட்டினால் போதும். பணக்கார நாடாகும்வரை காத்திருக்க வேண்டும் என்ற பேச்சை அந்தத் திட்டம் நிறுத்தியது. ஆனால் தொடக்கத்தில் டயாலிசிஸ் உள்ளே இல்லை. செலவு தாங்காது என்று விட்டுவிட்டார்கள். சிறுநீரகம் செயலிழந்தவர், எல்லோருக்குமான திட்டத்தின் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டே வெளியே நின்றார்.

2008-ல் அதையும் சேர்த்தார்கள். மருத்துவமனைக்குப் போய் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்திகரிக்கும் முறைக்கு முதலிடம் தராமல், வீட்டிலேயே வயிற்றின் வழியாகச் செய்யும் டயாலிசிஸை முதல் தேர்வாக வைத்தார்கள். இயந்திரங்களும் அதற்கான செவிலியர்களும் நகரங்களில்தான் இருந்தார்கள். நோயாளிகளோ எங்கெங்கோ கிராமங்களில். திரவப் பைகளை அஞ்சல் துறையே வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தது. நோயாளி கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொள்வார். இரண்டு லிட்டர் பையைத் தலைக்கு மேலே ஒரு கொக்கியில் மாட்டுவார். வயிற்றில் பொருத்திய சின்னக் குழாய் வழியாகப் பழைய திரவம் தரையில் வைத்த பைக்கு இறங்கும். பிறகு புதியது உள்ளே போகும். அரைமணி நேர வேலை, ஒரு நாளைக்கு நாலு தடவை. பின்னால், 2022-ல், எந்த முறை வேண்டும் என்று நோயாளியே மருத்துவரோடு பேசித் தேர்ந்தெடுக்கலாம் என்று விதியைத் தளர்த்தினார்கள். அதுவரை 14 வருடம், அந்தப் பைகளுக்கான பில் எந்த நோயாளியின் வீட்டுக்கும் போகவில்லை.